ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஐகோர்ட் வரை: ஒரு போக்குவரத்து அதிகாரியின் இரண்டாம் தொழில்

போக்குவரத்துத் துறையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கறுப்புக் கோட்டு போடுகிறவர்களைப் பற்றிச் சென்னையில் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு: "அவருக்கு உள்ளே ஆளைத் தெரியும், காரியம் நடக்கும்." நம்பி வருகிற கட்சிக்காரருக்கு இந்த எண்ணத்தால் நஷ்டம்தான். ஆளைத் தெரிவதெல்லாம் அடுத்த இடமாறுதல் பட்டியல் வரும்வரைதான். அந்த அதிகாரியிடம் உண்மையிலேயே விலைமதிப்புள்ள சரக்கு வேறு. ஓர் உத்தரவு எப்படித் தயாராகிறது, எந்த இடத்தில் ஒரு வரி விடுபடும், விடுபட்டால் எந்த மன்றத்தில் அது நிற்காது என்பதை அவர் தம் கையால் எழுதிப் பழகியவர். மோட்டார் வாகனச் சட்டத்தில் பாதி வழக்குகள் சட்டப் புத்தகத்தில் தோற்பதில்லை. கோப்பில்தான் தோற்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தத் துறையின் தொழில்நுட்பப் படிக்கட்டு மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டாம் நிலையில் தொடங்குகிறது. ஊரில் சொல்வதானால் பிரேக் இன்ஸ்பெக்டர். தேர்வாணையம் இதற்குக் கேட்பது ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமா, பட்டறை அனுபவம், கனரக வண்டி ஓட்டும் உரிமம். அங்கிருந்து முதல்நிலை ஆய்வாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், துணை ஆணையர், இணை ஆணையர் என்று ஏறும். உச்சியில் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையர். ஓய்வு வயது இப்போது 60. ஆக, வண்டியின் அடியில் படுத்துப் பார்த்த கண்ணும், கோப்பில் குறிப்பு எழுதிய கையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது இந்தத் துறையில் சாத்தியம். வேறு துறைகளில் இது அபூர்வம்.

சட்டத்துக்குள் வரும் வழி, பலர் நினைப்பதைவிடக் கரடுமுரடானது. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு ஒரு பட்டம் வேண்டும். பத்தாவதுக்குப் பிறகு அடிப்படைத் தகுதி எதுவும் இல்லாமல் நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களை 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் ஏற்பதில்லை. எனவே டிப்ளமாவோடு வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வுக்காக அவசரமாக ஒரு பட்டம் சேர்த்துக்கொண்டவர்கள் விண்ணப்பிக்கும் முன் தங்கள் சான்றிதழ்களை வரிசைப்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது. அஞ்சல்வழிச் சட்டப் படிப்புக்கு அங்கீகாரம் கிடையாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். சென்னை அரசு சட்டக் கல்லூரி 2018-இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது. ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாரிமுனையில் வகுப்புக்கு ஓடிவரும் காலம் முடிந்துபோனது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர், துறையின் முன் அனுமதியும் விடுப்புக் கணக்கும் வருகைப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியிலும் ஆபீசிலும் ஒரே நேரத்தில் ஆஜர் என்று பதிவு இருந்தால், பிற்பாடு யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு பதிவேட்டையும் கேட்டு வாங்கும் நாளில் பட்டம், வழக்கறிஞர் பதிவு இரண்டுமே ஆட்டம் காணும்.

முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. ஓய்வுக்குப் பிறகே பதிவு. பதிவுக் கட்டணமாகப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதன்பின் அகில இந்திய பார் தேர்வு. ஊழல் போன்ற ஒழுக்கக்கேடான குற்றச்சாட்டில் பணிநீக்கம் ஆனவருக்கு 2 ஆண்டுகள் வாசல் மூடியிருக்கும். இந்தத் துறைக்கு இருக்கும் பெயரை வைத்துப் பார்த்தால், இந்த விதி இருந்தே ஆக வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரி, தாம் கடைசியாக வகித்த பதவிக்குச் சமமான அல்லது கீழான அதிகாரி தலைமை தாங்கும் மன்றத்தில் வாதாடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதியின் சாரம். திருவான்மியூரிலோ கே.கே.நகரிலோ ஆர்.டி.ஓ.வாக இருந்தவர், இன்னொரு ஆர்.டி.ஓ. முன்னால் வக்காலத்துடன் நிற்க முடியாது. ஆனால் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கலாம், ஏனென்றால் அங்கே இருப்பவர் மாவட்ட நீதிபதி நிலைக்குக் குறையாத நீதித்துறை அலுவலர். சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நிற்கலாம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் மத்திய அரசின் ஏ பிரிவு அதிகாரிகளும் ஓய்வு பெற்ற 1 ஆண்டுக்குள் தனியார் வேலையையோ ஆலோசனைத் தொழிலையோ ஏற்க அரசின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு பஸ் கம்பெனிக்கோ வாடகைக் கார் நிறுவனத்துக்கோ மறுமாதமே ஆலோசகராகப் போவது சட்டச் சிக்கலில் முடியும். சட்டம் தடுக்காத இடத்திலும் அது நன்றாக இருக்காது.

சரி, உள்ளே வந்தபின் என்ன வேலை? பெரும்பகுதி விபத்து இழப்பீடு. சென்னையில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமாகச் செயல்படுவது சிறு வழக்குகள் நீதிமன்றம். இங்கேதான் முன்னாள் பிரேக் இன்ஸ்பெக்டரின் கண் பணமாக மாறுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 35 வயது ஆட்டோ ஓட்டுநர் இறந்துவிட்டார். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று நிரூபணம் ஆகிறது. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருவாய் உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. சரளா வர்மா வழக்கின் அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 16. மொத்தம் 30,24,000 ரூபாய். இறுதிச் சடங்கு, துணை இழப்பு (உறவின் துணையை இழந்ததற்கான தொகை) போன்ற தலைப்புகள் தனி.

இதில் இறந்தவர்மேலும் 20 சதவீதம் தவறு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டால் 6,04,800 ரூபாய் போய்விடும். அந்த 20 சதவீதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் தகவல் அறிக்கையும் ஆய்வாளரின் வண்டிப் பரிசோதனை அறிக்கையும்தான். லாரி ஓட்டுநர் கொடுத்த புகாரில் "ஆட்டோ திடீரென வலதுபுறம் வெட்டியது" என்று இருக்கும். ஆய்வறிக்கையிலோ லாரியின் இடது முன் மூலை நசுங்கல், ஆட்டோவின் வலது பின்பக்கம் நசுங்கல் என்று இருக்கும். ஆட்டோ குறுக்கே வெட்டியிருந்தால் அதன் வலது நடுப்பகுதியோ முன்பகுதியோ அடிபட்டிருக்க வேண்டும். பின்மூலை அடிபட்டிருப்பது, முன்னால் இடது ஓரமாகப் போன வண்டியை லாரி பின்னாலிருந்து இடித்ததற்குத்தான் பொருந்தும். இரண்டு வண்டியின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். ஆனால் பல கோப்புகளில் ஒரு வண்டியின் அறிக்கை மட்டுமே சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கும். மற்றதை யாரும் கேட்டே இருக்க மாட்டார்கள்.

அடுத்தது பிரேக். விபத்தில் ஏர் பிரேக் குழாய் அறுந்த லாரியில் காற்றழுத்தம் நிற்காது. வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க முடியாது. நேர்மையான அறிக்கை "சாலைச் சோதனை செய்ய இயலவில்லை" என்று சொல்லும். அவசரத்தில் நிரப்பிய அறிக்கை "பிரேக் சரி, இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்று முடியும். குறுக்கு விசாரணையில் மூன்று கேள்வி போதும்: வண்டியை எங்கே பார்த்தீர்கள், இன்ஜினை இயக்கினீர்களா, காற்றழுத்தமானி என்ன காட்டியது? இந்தக் கேள்விகள் சட்டக் கல்லூரியில் கிடைப்பவை அல்ல. டயரும் அப்படித்தான். கார், லாரிகளில் பள்ள ஆழம் 1.6 மி.மீ.க்கும் இரு, மூன்று சக்கர வண்டிகளில் 0.8 மி.மீ.க்கும் குறையக் கூடாது. அளந்து எழுதாமல் "தேய்ந்துள்ளது" என்று மட்டும் எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியின் மறுப்புரையைப் படிப்பது இன்னொரு கலை. "ஓட்டுநரிடம் இலகுரக உரிமம்தான் இருந்தது, வணிக வண்டி ஓட்டினார்" என்பது வழக்கமான வாதம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வண்டியை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. இங்கே நடக்கும் தவறு, ஆர்.சி.யில் வெற்று எடை இருக்கும் கட்டத்தைப் பார்த்துவிட்டு வாதாடுவது. போக்குவரத்து வண்டிக்குப் பார்க்க வேண்டியது சரக்கோடு சேர்த்த மொத்த எடை. அதேபோல் "பர்மிட் இல்லை" என்ற வாதம். பர்மிட் இல்லாதது அடிப்படை மீறல் என்றும், அப்படியிருந்தால் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பிரிவு 66(3)-இன்படி பர்மிட்டே தேவையில்லை. கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் குட்டி யானையின் உரிமையாளர்மேல் இந்த வாதம் வரும்போது, எடைக் கட்டத்தைக் காட்டினாலே போதும். தெரியாமல் விட்டால், தேவையே இல்லாத ஒரு பர்மிட் இல்லாததற்காக ஒரு சிறு முதலாளி வீட்டை விற்க நேரும்.

காலக்கெடு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2019 திருத்தத்தின் விபத்துப் பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கையை 50 நாளிலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தர வேண்டும். கெடுவைப் பற்றிய வழக்குகளை நம்பி உட்காராமல் 6 மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்து வழக்கு எண் வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

விபத்தை விட்டால் அடுத்த பெரிய களம் பர்மிட்டும் உரிமமும். இதில் சென்னைக்கு நெடிய பரம்பரை இருக்கிறது. பஸ் பர்மிட் யாருக்கு என்று முடிவுசெய்ய, பணிமனை வசதி, வழித்தடத்தில் இருப்பிடம், அனுபவம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் முறையை மதராஸ் அரசு 1956-இல் அரசாணை எண் 1298 மூலம் கொண்டுவந்தது. பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் ராஜகோபால நாயுடு வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பர்மிட் வழங்கும் அதிகாரி நீதிபதியைப் போல இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும் வேலையைச் செய்கிறார், அந்த வேலையில் இப்படித்தான் முடிவெடு என்று அரசு நிர்வாக ஆணையால் சொல்ல முடியாது என்பது காரணம். அதற்கு முன் ஆந்திராவில், பஸ்களை அரசுடைமை ஆக்கும் திட்டத்துக்கு வந்த ஆட்சேபங்களைப் போக்குவரத்துத் துறைச் செயலரே கேட்க, முதலமைச்சர் முடிவெடுத்தார். குள்ளப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திட்டத்தைக் கொண்டுவந்த துறையின் தலைவரே ஆட்சேபத்தைக் கேட்பது சரியல்ல, கேட்டவர் ஒருவர் தீர்ப்பவர் ஒருவர் என்பதும் சரியல்ல என்றது. இந்திய நிர்வாகச் சட்டத்தின் அடித்தளத்தில் பாதிக்கு மேல் பஸ் முதலாளிகளின் பணத்தில் கட்டப்பட்டது என்றால் மிகையில்லை.

இந்தப் பழைய தீர்ப்புகள் இன்றைக்கும் தினசரி வேலைக்கு உதவும். ஓட்டுநர் உரிமத்தை இடைநிறுத்தும் பிரிவு 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் பரிந்துரை அனுப்புகிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் உத்தரவு போடுகிறது. சட்டம் கேட்பவை இரண்டு: உரிமதாரருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு, எழுத்தில் காரணம். நடைமுறையில் அறிவிப்பு போன அன்றைய தேதியிலேயே உத்தரவும் இருக்கும், அல்லது "காவல்துறைப் பரிந்துரையை ஏற்று" என்ற ஒற்றை வரியைத் தவிரக் காரணமே இருக்காது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கின் விதி. எனவே முதலில் கேட்டு வாங்க வேண்டியது அறிவிப்பின் அஞ்சல் அத்தாட்சி. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உரிமம் போனால் அடுப்பு எரியாத வீடுகள் இவை. துறைக்குள் இருந்தபோது வேலைச்சுமையில் இப்படி உத்தரவுகள் வெளியே போனதைப் பார்த்தவர்தான், வெளியே வந்தபின் அதை மிகத் தெளிவாகச் சுட்ட முடியும்.

காரணம் எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லத் தகும். வில்லியம் கோல்மன், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியிடம் எழுத்தராகப் பணியாற்றிய முதல் கறுப்பினத்தவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954 வழக்கில் பங்காற்றியவர். 1975 மார்ச் முதல் 1977 ஜனவரி வரை அந்நாட்டின் போக்குவரத்துச் செயலர், அதாவது அமைச்சர். கான்கார்டு விமானத்தை அமெரிக்காவில் இறங்கவிடலாமா என்ற சண்டை அவர் மேசைக்கு வந்தது. 1976 ஜனவரியில் தாமே பொது விசாரணை நடத்தினார். பிப்ரவரி 4 அன்று நீதிமன்றத் தீர்ப்பைப் போன்றதொரு நீண்ட முடிவை வெளியிட்டார்: 16 மாதச் சோதனை அனுமதி, பிரிட்டன், பிரான்ஸ் விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் நியூயார்க்குக்கு நாளுக்கு 2 சேவை, வாஷிங்டனுக்கு 1 சேவை. இரைச்சல், எரிபொருள், ஒப்பந்தக் கடமை ஒவ்வொன்றையும் எடுத்து ஏற்ற காரணத்தையும் மறுத்த காரணத்தையும் எழுதினார். பிறகு சட்டத் தொழிலுக்கே திரும்பினார். இனப் பாகுபாடு காட்டும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமே அவரை வாதாட அழைத்தது, 1983-இல் அவர் தரப்பு வென்றது. அங்கே வழக்கறிஞர் ஆட்சிக்குள் போய்த் திரும்புவது சகஜம். இங்கே 60 வயதுவரை ஒரே வாசல். அதனால்தான் நம் அதிகாரியின் அனுபவம் பொதுக் கொள்கைக்குப் போய்ச் சேராமல் வீட்டுத் திண்ணையில் தங்கிவிடுகிறது.

கொள்கையில் அந்த அனுபவம் எங்கே தேவைப்படுகிறது? சென்னையின் ஆட்டோ கட்டணத்தைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அதன்படி 10 கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு. பல ஆண்டுகள் இந்தத் தொகை அப்படியே நின்றது, எரிவாயு விலை நிற்கவில்லை. மீட்டர் மூடிக்கொண்டது. குறை ஓட்டுநரின் பேராசையில் இருப்பதாகச் சொல்வது எளிது. உண்மையான ஓட்டை அரசாணையின் வடிவில் இருக்கிறது. தொகையை மட்டும் எழுதினார்கள், அது எப்போது, எந்தச் சூத்திரப்படி மாறும் என்று எழுதவில்லை. இப்போது இதன் விளைவு இன்னும் நீள்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, செயலிவழி வாடகை வண்டிகளின் கட்டணத்தை மாநிலத்தின் அடிப்படைக் கட்டணத்தோடு கட்டிப்போடுகிறது: கீழே பாதி, மேலே இரண்டு மடங்கு. அடிப்படையே பழசாக இருந்தால் மேல்வரம்பும் பழசாகத்தான் இருக்கும். எரிபொருள் விலை, உதிரிபாகம், காப்பீடு, ஓட்டுநரின் நாள்கூலி, காலியாக ஓடும் தூரம் எல்லாவற்றையும் எடைபோட்டு, ஆண்டுக்கொரு முறை தானாகத் திருத்தும் சூத்திரத்தை எழுத, கட்டணக் கோப்பைக் கையாண்ட ஒருவரும் சட்ட வரைவு தெரிந்த ஒருவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அரசு அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2010-இல் சட்டமாகி, 2022-இல்தான் முதல் கூட்டம் நடந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் போன்ற அமைப்புகளுக்கும் இத்தகையவர்கள் தேவை.

அழைப்பு வராவிட்டாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் எந்த விதி கொண்டுவந்தாலும் முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது பிரிவு 212. நம்மூரில் இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் "இது மக்களைப் பாதிக்கும், கைவிடுக" என்ற மனுக்கள். அவை எடுபடுவதில்லை. வேலை செய்யும் ஆட்சேபத்தில் வரைவின் உட்பிரிவு எண் இருக்கும், அது மூலச் சட்டத்தின் எந்தப் பிரிவைத் தாண்டுகிறது என்று இருக்கும், ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு கூடும் என்ற கணக்கு இருக்கும், அந்த இடத்தில் போடவேண்டிய மாற்று வாசகம் முழுதாக எழுதப்பட்டிருக்கும். அதைக் கெடு தேதிக்குள் விரைவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். விதி வெளியானபின் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்ட கோப்புக் குறிப்பின் நகலைக் கேட்கலாம். அந்த ஆட்சேபத்தைப் பற்றி அக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லையென்றால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவின் முதல் பத்தி அங்கேயே தயாராகிவிடும்.